நாற்காலியைத் துடைப்பவர்கள்

நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்காருபவர்களை எனக்கு எப்போதுமே பிடிக்கும், ஐயா. நீங்கள் உள்ளே வந்ததும் பையிலிருந்து ஒரு ஈரத்தாளை எடுத்துக் கை வைக்கும் இடத்தைத் துடைத்தீர்கள், சாயும் இடத்தைத் துடைத்தீர்கள், மேஜையில் உங்கள் பக்கத்தைத் துடைத்தீர்கள். பேனாவையும் விடவில்லை. இந்த மருத்துவமனையில் மாடிப்படிக் கைப்பிடியைத் துடைக்கக்கூட ஆள் கிடையாது. நான் தொண்டை வற்றக் கத்திவிட்டேன், நிர்வாகம் காதிலேயே வாங்கவில்லை. அதனால் ஒருவர் யாரும் சொல்லாமல் தானாகத் துடைப்பதைப் பார்த்தால் எனக்கு ஒரு நிம்மதி.

வெளியே ஜெனரேட்டர் இரைச்சல் தாங்கவில்லை என்று ஜன்னலைச் சாத்தச் சொன்னீர்கள், சாத்திவிட்டேன். எழுதும்போது மூக்குக்கண்ணாடி மங்குகிறது என்று முகக்கவசத்தைக் கழற்றி மடித்து வைத்தீர்கள். "துணிக்குள்ள பேசினா பாதி முழுங்கிடுது சிஸ்டர், நீங்களும் கழட்டிட்டே சொல்லுங்க" என்றீர்கள். நானும் கழற்றிவிட்டேன். விசாரணை அதிகாரி சொன்னால் கேட்க வேண்டியதுதானே. எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, குரலை உயர்த்த முடியாது. நீங்கள் நாற்காலியைக் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டது நல்லதாய்ப் போயிற்று.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். ஊசி போட்ட அந்தச் சின்னப் பெண்ணுக்கு இதில் சம்பந்தமே இல்லை. குட்டை சிஸ்டர் என்று எல்லோரும் கூப்பிடுவார்களே, அவளைத்தான் சொல்கிறேன். அவள் மருந்தைத் திருடிவிட்டாள் என்று நீங்கள் எல்லோரும் முடிவு கட்டி அவளை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறீர்கள். கல்யாணம் நிச்சயமான பெண். நேற்று என் வீட்டு வாசலில் வந்து நின்றுகொண்டு, "அக்கா, நான் என்ன தப்பு பண்ணேன்னாவது சொல்லச் சொல்லுங்கக்கா" என்று அழுதாள். அவளை உள்ளே கூப்பிடும் நிலையில் நான் இல்லை, ஆனாலும் மனசு கேட்கவில்லை. நான் செய்ததற்கு இன்னொருத்தி தலை உருள்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும் ஆள் நான் இல்லை. அதனால்தான் நானே வந்தேன்.

தன் கைக்கு வந்ததை அவள் போட்டாள். அவள் கைக்கு என்ன போக வேண்டும் என்று முடிவு செய்தது நான்.

இந்த மருந்தைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டுமே என்பதற்காகச் சொல்கிறேன். என்னைப் போன்றவர்களுக்குத் தடுப்பூசி போட்டால், கிருமியை எதிர்க்க வேண்டியதை உடம்பே தயார் செய்துகொள்ளும். சிறுநீரகமோ ஈரலோ மாற்றிக்கொண்டவர்களுக்கும் ரத்தப் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்த்துக்கொள்பவர்களுக்கும் அது முடியாது. எத்தனை தடுப்பூசி போட்டாலும் உடம்பு கையை விரித்துவிடும். அதனால் அந்த எதிர்ப்புப் பொருளை வெளியே தயாரித்து, நோய் வருவதற்கு முன்பே நேராக உடம்பில் ஏற்றிவிடுகிறோம். அடுப்பு பற்ற வைக்க முடியாதவர் வீட்டுக்குச் சமைத்ததையே கொண்டுபோய்க் கொடுக்கிற மாதிரி. சில மாதம் வரும். பிறகு தீர்ந்துவிடும், மறுபடி போட வேண்டும்.

ஒருவருக்கு இரண்டு குப்பி. குலுக்கக் கூடாது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் குளிர் போகும்வரை வைத்திருந்து, இரண்டு சிரிஞ்சில் ஏற்றி, பெயர் ஒட்டி, தட்டில் வைத்து, சுவரிலுள்ள சின்ன ஜன்னல் வழியாக அந்தப் பக்கம் தள்ள வேண்டும். அங்கே குட்டை சிஸ்டர் எடுத்து இடுப்புக்குக் கீழே இரண்டு பக்கமும் போடுவாள். பிறகு அவர்கள், ஊசிக்கு முன்பு உட்கார்ந்திருந்த அதே காத்திருப்பு அறையில், இன்னும் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும், உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க. இந்தப் பக்கம், மருந்து தயாரிக்கும் அறையில், நான் மட்டும்தான். எனக்கும் காத்திருப்பு அறைக்கும் நடுவில் ஒரு கண்ணாடி. வெளிச்சம் அவர்கள் பக்கம் இருப்பதால் நான் அவர்களைப் பார்க்கலாம், அவர்களுக்கு என்னைத் தெரியாது. வருடக்கணக்காக ஜனங்களை அந்தக் கண்ணாடி வழியாகத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மருந்து வருவதைப் பற்றிக் கேட்காதீர்கள். கேட்டால் எனக்கு எரிச்சல் வரும், தொண்டைக்கும் ஆகாது. நாங்கள் கேட்பதில் பாதி வரும். அந்தப் பாதியும் வர வேண்டிய வாரத்தில் வராது. யாருக்குப் போடுவது என்று முடிவு செய்ய ஒரு குழு. அந்தக் குழுவில் ஒருவர்கூடக் காத்திருப்பு அறைக்குள் கால் வைத்தது கிடையாது. வயசுக்கு இத்தனை மதிப்பெண், வியாதிக்கு இத்தனை மதிப்பெண் என்று கூட்டிப் போட்டு அனுப்புவார்கள். ஒரு மனுஷன் காலையில் எழுந்து எங்கே போகிறான், யார் மூச்சுக்காற்றில் நிற்கிறான் என்பதற்கு ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது. நான் எழுதிப் பார்த்தேன், பேசிப் பார்த்தேன். ஒருமுறை தலைமை மருத்துவர் அறைக்கே போய் நின்றேன். "சிஸ்டர், உங்க வேலை மருந்து ஏத்துறது. யாருக்குன்னு நாங்க பாத்துக்குறோம்" என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னார். சரி என்று வந்துவிட்டேன். மருந்து ஏற்றுகிற வேலையைத்தான் அதற்கப்புறமும் செய்தேன்.

அப்போதெல்லாம் மாதம் தவறாமல் ஒருவர் கவுன்டரில் வந்து நிற்பார். பஸ் கண்டக்டர். சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர். எங்களுக்குள் அவர் பெயர் விசில். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும், கேலி பேசாமல் இரண்டு வார்த்தை பேச மாட்டார். அவருக்கு வயசு குறைவு, ஆபரேஷன் முடிந்தும் நாளாகிவிட்டது, அதனால் மதிப்பெண் போதவில்லை. ஒவ்வொரு முறையும் இல்லை என்று சொல்லி அனுப்புவோம். "பரவால்ல சிஸ்டர், அடுத்த டிரிப்ல ஏறிக்கிறேன்" என்பார்.

ஒருநாள் நான் கேட்டேன், "வீட்ல கொஞ்ச நாள் லீவு போட்டு இருக்கக் கூடாதா?" என்று.

"நான் வீட்ல உக்காந்தா என் பிள்ளைங்க எதுல ஏறி ஸ்கூலுக்குப் போகும் சிஸ்டர்? நாலு பேரு தும்முவான், அஞ்சாவது ஆளுக்கு நான் டிக்கெட் கிழிச்சுத் தரணும். என் பொழப்பு அப்படி."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அன்றும் இல்லை என்றுதான் சொல்லி அனுப்பினேன்.

அதே வாரம், மறுபடி ஊசி போட்டுக்கொள்ள இன்னொருவர் வந்தார். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டிலிருந்தே கையுறை போட்டுக்கொண்டு வருவதால் அவரை கிளவுஸ் என்போம். தங்கமான மனிதர். நாற்காலியை இரண்டு தடவை துடைப்பார். நான் ஏதோ சாமான் எடுக்க வெளியே வந்தவள், பேச்சுக்குக் கேட்டேன்.

"போன தடவை போட்டதுக்கப்புறம் எப்படி இருந்தீங்க? எங்கயாவது போய் வந்தீங்களா?"

"எங்கயும் போகல சிஸ்டர்" என்றார், பெருமையாக. "வாசக் கதவக்கூட நான் திறக்கல. மருமக சாப்பாட்ட கதவுக்கு வெளிய வச்சிட்டுப் போயிடும். ஊசி போட்டாலும் நான் ரிஸ்க் எடுக்கிறதில்ல."

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். என் கையில் அவருடைய இரண்டு குப்பியும் இருந்தன. ஐயா, என் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன நினைத்திருப்பீர்கள்? அந்த மனிதர் உடம்பில் அத்தனை மாதம் அந்த மருந்து ஒரு கிருமியைக்கூடப் பார்க்காமல் சும்மா இருந்து சும்மாவே தீர்ந்துபோயிருக்கிறது. குடையை வாங்கி வீட்டுக்குள் விரித்து வைத்துக்கொள்கிற கதை. வெளியே ஒருவன் மழையில் நின்று டிக்கெட் கிழித்துக்கொண்டிருக்கிறான்.

கிளவுஸுக்கு சலைன் ஏற்றினேன். சுத்தமான உப்புநீர், ஒரு தீங்கும் செய்யாது. பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. மதிய சாப்பாட்டு நேரத்தில் விசிலைப் பின்வாசல் வழியாக வரச் சொல்லி நானே போட்டுவிட்டேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். ஒரு பைசா வாங்கவில்லை, அவரும் கொடுக்க வரவில்லை. இது மேலிடத்துக்குத் தெரிந்துதான் நடக்கிறது என்று அவரை நம்ப வைத்திருந்தேன். அதனால் அவரைக் கூப்பிட்டு மிரட்ட வேண்டாம்.

கிளவுஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்றைக்கும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார், நீங்கள் போய்ப் பார்க்கலாம், கதவைத் திறந்தால். விசிலும் நன்றாக இருக்கிறார். ஒரு குடும்பத்துக்கும் கெடுதல் இல்லாமல் மருந்து தேவைப்பட்ட இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. குழு மதிப்பெண் போட்டுப் போட்டுச் செய்ய முடியாததை நான் ஒரு மதியத்தில் செய்துவிட்டேன். அன்று எனக்கு நல்ல தூக்கம் வந்தது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள், மறைக்க விரும்பவில்லை.

அதற்கப்புறம் அது ஒரு முறையாகவே ஆகிவிட்டது. பேராசையால் செய்யவில்லை, பகையால் செய்யவில்லை. ஜாக்கிரதையாக இருப்பவர்களுக்கு ஜாக்கிரதையே மருந்து. அப்படி இருக்க முடியாதவர்களுக்குத்தான் குப்பி வேண்டும். கண்ணாடி வழியாகப் பார்ப்பேன். வந்த வேகத்தில் தொப்பென்று உட்கார்ந்து, முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் அரட்டை அடிப்பவர்களுக்கு முழு மருந்து. பைக்குள் கைவிட்டுத் தாளை எடுத்து நாற்காலியைத் துடைப்பவர்களுக்கு சலைன். சிலர் லேசாகத் தட்டிவிட்டு உட்காருவார்கள். அவர்கள் விஷயத்தில் கொஞ்சம் யோசிப்பேன், பெரும்பாலும் மருந்தே கொடுத்துவிடுவேன். நான் கல்நெஞ்சக்காரி இல்லை.

மிச்சமான மருந்து குழு கைவிட்டவர்களுக்குப் போயிற்று. சந்தையில் மீன் விற்கிற அம்மா, முடி திருத்துகிறவர், பெரிய கேன்டீனில் பரிமாறுகிறவர். எல்லோரும் ஜனங்கள் நடுவில் நின்று பிழைப்பவர்கள். அவர்கள் யார் யாரென்று என்னிடம் கேட்காதீர்கள். அவர்கள் இனிமேலும் பிழைக்க வேண்டும்.

இப்போது கணக்கு டீச்சர் விஷயம். நீங்கள் அதற்காகத்தான் காத்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது, பேனா நின்றுவிட்டது.

ரத்தப் புற்றுநோய். வைத்தியம் முடிந்து பிழைத்துவிட்டார். ஆனால் அந்த வைத்தியம் உடம்பின் எதிர்ப்பையும் சேர்த்துத் துடைத்துவிட்டுப் போயிருந்தது. நெடுங்காலமாக வீட்டிலிருந்தே போன் வழியாகப் பாடம் நடத்தினார். காத்திருப்பு அறையில் அவரைப் போல யாரும் துடைத்து நான் பார்த்ததில்லை. நாற்காலியை மட்டும் இல்லை, நாற்காலியின் கால்களையும் துடைத்தார். எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அவருடைய இரண்டு குப்பியை மீன்காரம்மாவுக்கு என்று ஒதுக்கி, சிரிஞ்சில் ஏற்றித் தயாராக வைத்தேன். டீச்சர் பெயர் ஒட்டிய தட்டில் சலைனை வைத்து அந்தப் பக்கம் தள்ளினேன்.

ஊசி போட்டு முடிந்ததும் டீச்சர் நேராக என் கண்ணாடிக்கு முன்னால் வந்து விரலால் தட்டினார். அதுவரை யாரும் அப்படிச் செய்தது கிடையாது. நான் கண்ணாடியைக் கொஞ்சம் நகர்த்தித் திறந்தேன்.

"உள்ள இருந்து மருந்து ரெடி பண்றது நீங்கதானா? ஊசி போட்டவங்களுக்குச் சொன்னேன், உங்களுக்கும் ஒரு நன்றி சொல்லணும்னு தோணிச்சு" என்றார்.

"இருக்கட்டும் டீச்சர். எங்க வேலைதானே" என்றேன்.

"இனிமே நான் கிளாஸுக்குப் போகலாமா சிஸ்டர்? டாக்டர் பாத்துப் போகச் சொன்னாரு. ஆனா நீங்க நிறையப் பேரைப் பாக்குறீங்க. நீங்க சொல்லுங்க."

போகாதீர்கள் என்று எப்படிச் சொல்வது? ஏன் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? மருந்து போட்ட எல்லோரிடமும் சொல்கிற அதே வார்த்தையைத்தான் சொன்னேன். "போகலாம் டீச்சர். ஒரு வாரம் கழிச்சுப் போங்க. மாஸ்க் மட்டும் போட்டுக்கோங்க."

"போட்டுக்குறேன். போர்டு முன்னாடி நின்னு எவ்ளோ நாளாச்சு தெரியுமா? போன்ல நடத்தினா எவன் புரிஞ்சிக்கிட்டான், எவன் தூங்குறான்னே தெரியல. முகத்தப் பாத்தாதான எனக்குக் கணக்கே வரும்."

அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு, உண்மையைச் சொல்கிறேன், எரிச்சல்தான் வந்தது. வாய் கேட்கிறதே தவிர இவர் எங்கும் போகமாட்டார் என்று நினைத்தேன். நாற்காலிக் காலைத் துடைக்கிற மனுஷி ஒரு வகுப்புப் பிள்ளைகள் மூச்சுவிடுகிற அறைக்குள் போவாரா? கிளவுஸ் போனாரா?

டீச்சர் திரும்பிப் போய் உட்கார்ந்து, பையிலிருந்து ஏதோ எடுத்து எழுத ஆரம்பித்தார். அந்த நேரத்தில் மீன்காரம்மா போன் செய்தார். "சிஸ்டர், இன்னிக்கு நல்லா ஓடுது, சரக்கப் போட்டுட்டு வர முடியாது. அடுத்த வாரம் வரட்டுமா?" என்றார்.

சிரிஞ்சில் ஏற்றிய மருந்தைச் சில மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது. நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். டீச்சர் இன்னும் அங்கேதான் இருந்தார். அவருக்காகவே வந்த மருந்து என் மேஜையில் இருந்தது. நடுவில் ஒரு கண்ணாடி. நான் யோசிக்காமல் இல்லை, ஐயா. ஆனால் ஊசி போட்டாயிற்று என்று சொல்லி உட்கார வைத்த ஒருவரை மறுபடி எப்படிக் கூப்பிடுவது? குட்டை சிஸ்டர் என்ன நினைப்பாள்? அது முறையாக இருக்காது. வேறு இரண்டு பேருக்குப் போன் செய்து பார்த்தேன், யாரும் எடுக்கவில்லை. டீச்சர் எழுந்து, கண்ணாடிப் பக்கம் பார்த்துக் கையசைத்துவிட்டுப் போனார். பிறகு அந்த இரண்டு சிரிஞ்சையும் கழிவுப் பெட்டியில் போட்டேன். அன்று ஊசிக்கு வராதவர் ஒருவர் பெயரில் வீணானதாகக் காட்டிவிட்டேன். மருந்து வீணாவதைப் பார்க்க எனக்கு எப்போதுமே சகிக்காது. அன்று மீன்காரம்மா மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

டீச்சர் வகுப்புக்குப் போனார். அந்த மாதக் கடைசியில் இங்கேயே கொண்டுவந்து சேர்த்தார்கள். மூச்சுத் திணறலோடு இருந்தவர் டாக்டரிடம், ஊசி போட்டும் எப்படி வந்தது என்று கேட்டாராம். அவர் நூற்றுக்கு நூறு தடுக்கும் மருந்து எதுவும் இல்லை என்றாராம். அது உண்மைதான். முழு மருந்து போட்டவர்களிலும் சிலருக்கு நோய் வரத்தான் செய்கிறது. டீச்சருக்கு மருந்து போட்டிருந்தாலும் வந்திருக்கலாம். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், விட்டுவிடாதீர்கள்.

அவர் பிழைக்கவில்லை. அவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாசலில் வந்து நின்றிருந்தார்கள். நான் பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போனேன்.

அப்போதே நிறுத்தியிருக்கலாமே என்று கேட்டீர்கள். கேட்பது சுலபம். நிறுத்தினால் டீச்சருக்குச் செய்தது தப்பு என்று ஆகிவிடும். தப்பு என் முறையில் இல்லை, ஐயா, டீச்சரிடம்தான். அவர் ஜாக்கிரதையாக இருந்தவரைக்கும் நன்றாகத்தான் இருந்தார். பிறகு ஒரு தையல்காரர், அவரும் துடைக்கிற ஆள்தான், ஊசி போட்ட தைரியத்தில் தங்கை மகன் கல்யாணத்துக்குப் போய் வந்தார். அப்புறம் ஒரு ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுத்தர். பழைய சிநேகிதர்களோடு சீட்டாடப் போனாராம், அத்தனை காலம் கழித்து. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வீட்டுக்குள்ளேயே இருந்து பழகிய ஜனங்கள் ஒரு ஊசி போட்டதும் இப்படித் தலைகால் புரியாமல் கிளம்பினால் நான் என்னதான் செய்வது? இருக்கிற மாதிரியே இருந்திருந்தால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. என் முறையை நம்பி நான் இருந்தேன், அவர்கள்தான் காலை வாரிவிட்டார்கள்.

ஊசி போட்டுக்கொண்டவர்களே ஒருவர் பின் ஒருவராக நோயோடு வந்து சேர்ந்ததும், ரத்தப் பரிசோதனைக் கூடத்து டாக்டருக்குச் சந்தேகம் வந்தது. சேர்ந்தவர்களின் ரத்தத்தில் அந்த எதிர்ப்புப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தார். நிறைய இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. மருந்தே உள்ளே போகவில்லை என்று தெரிந்துவிட்டது. ஊசி போட்டது யார் என்று கேட்டார்கள். குட்டை சிஸ்டரைக் காட்டினார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருப்பவளை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன்.

நீங்கள் வாசித்துக் காட்டிய வாக்குமூலத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது. கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் சலைன் ஏற்றப்பட்டவர்கள் பதினொரு பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருத்த வேண்டியிருக்கும். அந்தப் பதினொரு பேரும் நோய் வந்து சேர்ந்தவர்கள். அவர்கள் ரத்தத்தைத்தான் பரிசோதித்தீர்கள். நோய் வராமல் வீட்டில் இருப்பவர்களின் ரத்தத்தை யாரும் தொடவில்லை. அவர்களும் இருக்கிறார்கள். சரியாக எத்தனை பேர் என்று எனக்கே தெரியாது. துடைத்தவர்கள் எல்லோரும், அவ்வளவுதான்.

நீங்கள் இந்த விசாரணைக்கு வந்ததும் உங்களைப் பற்றிச் சொன்னபோது ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டீர்கள். சொன்னால் இந்த வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்திருக்கலாம். குட்டை சிஸ்டரையும் உங்களுக்கு அடையாளம் தெரிந்திருக்கும். ஊசி போட்டதும் அவளிடம், "வலிக்கவே இல்லம்மா, ராசியான கை" என்றீர்களே. அவள் வெட்கப்பட்டுக்கொண்டு வந்து என்னிடம் சொன்னாள். போன மாதம், காத்திருப்பு அறையில், ஜன்னலோர நாற்காலி. கை வைக்கும் இடம், சாயும் இடம், அப்புறம் பேனா. பக்கத்தில் கிடந்த செய்தித்தாளைத் தொடவில்லை. எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. நீங்கள் என்னைப் பார்த்திருக்க முடியாது, வெளிச்சம் உங்கள் பக்கம் இருந்தது.

பேனாவைக் கீழே வைக்காதீர்கள், இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது.

என் வீட்டுக்காரர் எதற்கும் அடங்காத மனுஷன். பந்தயம், கூட்டம் என்று எங்கே ஜனம் நிற்கிறதோ அங்கே போய் நிற்பார், வாயை மூடாமல் இருமுவார். இந்த வாரம் படுத்துவிட்டார். அதே காய்ச்சல்தான். எனக்கு முந்தாநாள் தொண்டை கட்டியது. இன்று காலை கிளம்புவதற்கு முன் நானே பரிசோதித்துப் பார்த்தேன். இரண்டு கோடு விழுந்தது. நாளைக்குக் குட்டை சிஸ்டரைப் போலீஸில் ஒப்படைத்துவிடுவார்கள் என்றார்கள். அதனால் தள்ளிப்போட முடியவில்லை. முகக்கவசம் போட்டுக்கொண்டுதான் வந்தேன்.

இப்போது நீங்கள் அதைப் போட்டுக்கொள்வதில் பெரிய பிரயோஜனம் இல்லை, ஆனாலும் போட்டுக்கொள்ளுங்கள். ஜன்னலையும் திறந்துவிடுகிறேன். ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பீர்கள். என் பக்கத்தை முழுசாகக் கேட்க ஒரு ஆள் இருந்திருக்க மாட்டார். அதோடு, சொல்ல வேண்டியிருக்கும் என்றே நான் நினைக்கவில்லை. உட்காருகிற நாற்காலியைக்கூடத் துடைக்கிற ஒருவர் முகக்கவசத்தைக் கழற்றுவார் என்று நான் எப்படி எதிர்பார்ப்பேன், ஐயா.